கழிவு என்று எழுதியது யார்? மரத்தூள் எரிபொருளான வரலாறு

1

‘கழிவு’ என்பது பார்வைக்கு அப்பாவியான சொல். யாருக்கும் வேண்டாதது, எவருக்கும் உடைமை இல்லாதது, எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லாதது என்ற மூன்று பொருளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மரம் அறுக்கும்போது உதிரும் தூள், இழைக்கும்போது சுருளும் சீவல், வெட்டிய காட்டில் விட்டுப்போன கிளை, நுனி, கோணல் கட்டை எல்லாவற்றையும் அரைத்து, உலர்த்தி, அழுத்தி எரிபொருளாக்கும் தொழில் இந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. ‘சும்மா கெடந்து மக்கிப் போறதை எடுத்து எரிச்சா என்ன தப்பு?’ என்று கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது சும்மா கிடப்பது என்று முடிவு செய்தவர் யார்? எந்தக் கணக்குப் புத்தகத்தில், எந்தப் பத்தியில் அப்படி எழுதினார்? இந்தத் தொழிலின் சுமார் நூறாண்டு வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

2

துகளை அழுத்திக் கட்டியாக்கும் எண்ணம் மரத்துக்கு முன்பே நிலக்கரிக்கு வந்துவிட்டது. சுரங்கத்தில் உதிரும் கரித்தூளை அழுத்தத்தால் கெட்டிக் கட்டிகளாக்கும் முறைக்கு அமெரிக்காவில் வில்லியம் ஈஸ்பி என்பவர் 1848இலேயே காப்புரிமை பெற்றார். மரத்தில் இது பெருந்தொழிலாக உருப்பெற்ற இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் வடமேற்கில் ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டன் நகரம்.

அங்கே வேயர்ஹாவுசர் குழுமத்தைச் சேர்ந்த கிளியர்வாட்டர் டிம்பர் கம்பெனி 1927இல் ஒரு ராட்சத மர அறுவை ஆலையைத் திறந்தது. அறுக்கப்பட்டவை பெரும்பாலும் வெள்ளைப் பைன் மரங்கள். உள்ளே போகும் தடியில் பலகையாக வெளியே வருவது ஒரு பங்குதான். பட்டை, தூள், சீவல், ஓரக்கட்டை என்று மிச்சமெல்லாம் மலைபோல் குவியும். ஆலையின் கொதிகலன்கள் தின்றது போக மீந்ததை எரித்துத்தான் ஒழிக்க வேண்டும். அந்த வட்டாரத்து ஆலைகளில் அதற்கென்றே கூம்பு வடிவ இரும்பு உலைகள் இருந்தன. இரவும் பகலும் அவை புகைந்துகொண்டிருக்கும். அந்த வெப்பத்தால் யாருக்கும் பயனில்லை. எரித்து அழிப்பதே அவற்றின் வேலை.

1929இன் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு பலகை விற்கவில்லை. தொழில் படுத்துவிட்ட நேரத்தில்தான் குப்பையின் மீது கம்பெனியின் கண் விழுந்தது. அதன் பொறியாளர் ராபர்ட் பௌலிங் உலர்ந்த சீவலையும் தூளையும் திருகு வைத்து நெருக்கி, அச்சுக்குள் திணித்து, உருளைக் கட்டைகளாக வெளியேற்றும் எந்திரத்தை உருவாக்கினார். ஏறத்தாழ ஓரடி நீளம், நாலங்குல விட்டம், எட்டுப் பவுண்டு எடை. ‘பிரெஸ்டோ-லாக்’ என்ற பெயரில் முப்பதுகளில் இது சந்தைக்கு வந்தது. வீட்டுக் கணப்புகளிலும் ரயில்களின் உணவுப் பெட்டி அடுப்புகளிலும் எரிந்தது. எந்திரங்கள் மற்ற ஆலைகளுக்கும் போயின.

இதில் பசை எதுவும் கிடையாது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. கடும் அழுத்தத்தில் உராய்வால் சூடேறும்போது அது இளகுகிறது, ஆறும்போது இறுகித் துகள்களைப் பிணைத்துவிடுகிறது. ஈரம் அதிகமானால் ஆவி கிளம்பிக் கட்டை வெடித்துவிடும். மிகவும் குறைந்தாலோ ஒட்டாது. நூற்றுக்குப் பத்து என்ற அளவை ஒட்டி ஈரம் இருக்க வேண்டும். மரத்தைக் கட்டிவைத்திருந்ததே அதன் தூளையும் கட்டுகிறது. அழகான தொழில்நுட்பம், மறுப்பதற்கில்லை. வீணாகப் புகைந்துகொண்டிருந்தது பலரின் வீடுகளுக்குக் கதகதப்பைத் தந்தது. இந்தக் கட்டத்தில் ‘கழிவு’ என்ற சொல் ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது.

3

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. லூயிஸ்டன் நகரம் நிற்பது நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களின் நிலத்தில். 1855இல் அமெரிக்க அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு நிலத்தை அவர்களுக்கென்று ஒதுக்கியது. 1860இல் அங்கே தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் சட்டவிரோதமாக லூயிஸ்டன் முளைத்தது. 1863இல் இன்னொரு ஒப்பந்தம். அதில் அந்த மக்களின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. ஒப்பாதவர்கள் 1877இல் போரில் தோற்கடிக்கப்பட்டார்கள்.

பிறகு வந்தது 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம். பொதுவில் இருந்த பழங்குடி நிலத்தை ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மீந்ததை ‘உபரி’ என்று அறிவித்தார்கள். நெஸ் பெர்ஸ் நிலத்தில் இப்படி மீந்தது ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேல். 1895 நவம்பரில் அது வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. வேட்டையும் கிழங்கும் மேய்ச்சலுமாக அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதில் எதுவும் உபரி இல்லை. ஏக்கர்க் கணக்குப் போட்டவர்களின் தாளில்தான் அது உபரியானது. தூளைக் கழிவென்று எழுதுவதற்கு முன்பே நிலத்தை உபரியென்று எழுதிப் பழகியிருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கிளியர்வாட்டர் கம்பெனி 1931இல் வேறு இரு கம்பெனிகளோடு இணைந்து ‘பாட்லாட்ச் ஃபாரஸ்ட்ஸ்’ ஆனது. பாட்லாட்ச் என்பது வடமேற்குக் கரையில் பல மக்களினங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்திய சினூக் கலப்பு மொழிச் சொல். பொருள்: கொடுப்பது. கரையோரப் பழங்குடிகள் சேர்த்த செல்வத்தையெல்லாம் ஊர்கூட்டி வாரி வழங்கி, சில வேளைகளில் அழித்தும் காட்டும் பெருவிழாவுக்கும் அதுவே பெயர். இந்த விழாவை வீண்செலவு, ஊதாரித்தனம் என்று சொல்லிக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடை செய்திருந்தது. பழங்குடி கொடுத்தால் அது வீண். ஆலை நாள் முழுக்க மரத்தை எரித்துத் தள்ளினால் அது தொழில். எது வீண், எது செலவு, எது முதலீடு என்று பிரிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதை ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையே காட்டிக்கொடுக்கிறது.

4

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு மார்க்ஸ் நினைவுக்கு வருவார். மூலதனம் எழுதிய மார்க்ஸ் அல்ல, இருபத்து நான்கு வயதுப் பத்திரிகையாளர் மார்க்ஸ். 1842இல் ‘ரைனிஷ் சைட்டுங்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகளில் முக்கியமானவை விறகுத் திருட்டுச் சட்டம் பற்றியவை. ரைன் மாகாணச் சட்டமன்றத்தில் நடந்த விவாதம் அது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்குவது காலங்காலமான வழக்கம். அதையும் நிற்கும் மரத்தை வெட்டித் திருடுவதையும் ஒரே குற்றமாக்க வேண்டும் என்றார்கள் காட்டு உடைமையாளர்கள். மரத்திலிருந்து பிரிந்து விழுந்தது மரத்தின் சொந்தக்காரனுக்கு இனி உடைமையல்ல என்று மார்க்ஸ் வாதாடினார். பொருளியல் நலன்களைப் பற்றி யோசிக்கத் தன்னை முதலில் தள்ளியது இந்த விவகாரம்தான் என்று 1859இல் அவரே எழுதினார்.

உதிர்ந்த சுள்ளிக்கு விலையில்லாதவரை அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. விறகு விலை ஏறியதும் அது ‘சொத்து’ ஆகி, பொறுக்கியவர் ‘திருடர்’ ஆனார். அதாவது கழிவு என்பது ஒரு பொருளின் குணமல்ல, அந்தப் பொருள் அப்போதைக்கு நிற்கும் இடம். விலை வந்ததும் அது அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் அதன் பெயர் மட்டும் சில சமயம் நகராமல் தங்கிவிடுகிறது. அடுத்த கட்டத்தில் நடந்தது அதுதான்.

5

1973இல் எண்ணெய் விலை ஏறியது. அமெரிக்காவில் 1970இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கூம்பு உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. எரித்து ஒழிக்கவும் முடியாது, எண்ணெயும் கட்டுப்படியாகாது என்ற இந்த இரண்டு நெருக்கடிகளுக்கு நடுவில் பிறந்ததுதான் பெல்லட். மாட்டுத் தீவனத்தைக் குருணையாக அழுத்தும் எந்திரத்தின் வழியில், மரத்தூளையும் சுண்டுவிரலைவிட மெல்லிய சிறு உருளைகளாக்கினார்கள். ஆரிகான் மாநிலத்தில் எழுபதுகளின் நடுவில் இத்தொழிலைத் தொடங்கிய ருடால்ஃப் கன்னர்மேன் 1977இல் காப்புரிமை பெற்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் போயிங் விமானப் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் பெல்லட் தானாக விழுந்து எரியும் வீட்டு அடுப்பை வடிவமைத்தார்.

கட்டைக்கும் பெல்லட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. கட்டையை ஒரு கை எடுத்து அடுப்பில் வைக்க வேண்டும். பெல்லட்டோ தானியம்போல் ஓடும், குழாயில் போகும், குதிரில் நிறையும், கப்பலில் கொட்டலாம். ஒரு கன மீட்டர் மரத்தூள் சுமார் 200 கிலோ என்றால், ஒரு கன மீட்டர் பெல்லட் 600 கிலோவுக்கும் மேல். தூளுக்கு உள்ளூரைத் தாண்டினால் வண்டிக்கூலி கட்டாது. பெல்லட்டுக்குக் கடலும் ஒரு தூரமில்லை. அழுத்தப்பட்டது மரம் மட்டுமல்ல, இடமும்தான். எந்தக் காட்டின் மரம், எந்த ஊரின் தூள் என்ற அடையாளம் அந்த அச்சிலேயே நசுங்கிவிடுகிறது.

சுவீடன் 1991இல் கார்பன் வரி போட்டபோது பெல்லட் அங்கே நன்றாகவே வேரூன்றியது. அறுவை ஆலைகள் அருகிலேயே இருந்தன. தூள் நிஜமாகவே மீந்தது. நகரங்களின் பொது வெப்பமூட்டு நிலையங்கள் அதை வாங்கின. இதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் கணக்கில் முளைத்தது. மரத்தை எரிப்பதால் வரும் கரியமில வாயுவை, அது எரியும் நாட்டின் எரிசக்திக் கணக்கில் சேர்க்க வேண்டாம், மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் சேர்த்தால் போதும் என்பது சர்வதேச விதி. ஒன்றை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி அது. அதன்படி எரிக்கும் இடத்தில் கணக்கு பூஜ்யம். ஆனால் 1997இன் கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்கா ஏற்று உறுதிசெய்யவே இல்லை. அமெரிக்கத் தெற்கில் வெட்டி ஐரோப்பாவில் எரித்தால், எரித்தவர் புத்தகத்தில் பூஜ்யம். வெட்டியவர் புத்தகத்தில் எழுதினாலும் அதற்காகப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்கப் போய், ஒரு முறைகூட எண்ணாமல் விடும் வழி திறந்துவிட்டது. இந்த ஓட்டையைத் திமோத்தி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டில்தான் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆணையை வெளியிட்டது. அதில் மர எரிபொருளுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

6

இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில் இருக்கும் டிராக்ஸ் மின்நிலையம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நிலக்கரிக்காகவே கட்டப்பட்டது. ஆறு அலகுகள், ஏறத்தாழ 4000 மெகாவாட். 2013 முதல் 2018 வரை அதன் நான்கு அலகுகளை மர பெல்லட்டுக்கு மாற்றினார்கள். உச்ச ஆண்டுகளில் 70 லட்சம் டன்னுக்கும் மேல் எரித்தது. அதற்கான மானியம் நூற்றுக்கணக்கான கோடி பவுண்டு. அந்த நிலையத்துக்கு நிலக்கரி கொடுத்துவந்த அண்டை ஊர்ச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் அது. சுரங்கத் தொழிலாளர்கள் வெளியேறிய வாசலைத் தாண்டி, கடல்கடந்து வந்த மரக் குருணை ரயிலில் போயிற்று. 1984-85 வேலைநிறுத்தத்தின் நினைவு இன்னும் ஆறாத அந்த மண்ணில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு.

எழுபது லட்சம் டன் பெல்லட்டுக்கு மரத்தூள் மட்டும் எங்கிருந்து போதும்? போதவில்லை. அமெரிக்கத் தெற்கிலும் கனடாவிலும் முழு அடிமரங்களும் ஆலைக்குப் போயின. ‘தரம் குறைந்தது’, ‘பலகைக்கு ஆகாதது’, ‘சந்தையில்லாதது’ என்று அவற்றுக்குப் பெயர். மர எரிபொருளைக் குறை சொல்லும் நாம் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். பெரிய தடிகள் பலகைக்கே போகின்றன, நாங்கள் வாங்குவது மிச்சத்தைத்தான், விலை கிடைத்தால்தான் நில உடைமையாளர் மரத்தை மறுபடி நடுவார் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கோணல் மரம் பலகைக்கு ஆகாது என்பதால் அது கழிவாகிவிடுமா? அது நின்று வளர்ந்தால் கார்பனைச் சேர்க்கும். விழுந்து மக்கினால் மண்ணுக்கும் பூஞ்சைக்கும் பறவைக்கும் ஆகும். எரித்தால், அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரியைவிடப் புகைபோக்கியில் அதிகக் கரியமில வாயு வரும். மீண்டும் வளரும் மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது சரி. எத்தனை காலத்தில் என்பதுதான் கேள்வி. சில ஆண்டுகளில் எப்படியும் மக்கியோ எரிந்தோ போகவிருந்த தூள் என்றால் கடன் சீக்கிரம் தீரும். நின்றுகொண்டிருந்த முழு மரம் என்றால் பல பத்தாண்டுகள் ஆகும்.

கடலின் அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் குளோஸ்டர், சில நூறு கறுப்பினக் குடும்பங்கள் வாழும் சிற்றூர். டிராக்ஸ் குழுமத்தின் பெல்லட் ஆலை அங்கே இருக்கிறது. ஆவியாகும் கரிமச் சேர்மங்களை அனுமதித்த அளவுக்கு மேல் வெளியிட்டதற்காக மாநிலச் சூழல் துறை 2020இல் அந்த ஆலைக்கு 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வட கரோலினாவில் உலகின் மிகப் பெரிய பெல்லட் உற்பத்தியாளராக இருந்த என்விவாவின் ஆலைகளில் சிலவும் கறுப்பின மக்கள் நிறைந்த ஏழை மாவட்டங்களில்தான் எழுந்தன. அந்தக் கம்பெனி 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. டெக்சாஸின் போர்ட் ஆர்தர் நகரில் 2017இல் பெல்லட் குதிர் ஒன்று வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றது. அண்டை வீடுகளில் இருந்தவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். யார்க்ஷயரின் பூஜ்யத்துக்கு இங்கே இருப்பவர்களின் நுரையீரல் விலை. உபரி நிலம், கழிவு மரம் என்ற வரிசையில் மூன்றாவதாக மனிதர்களும் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் கதை கடைசியில் மறுபடி கணக்குப் புத்தகத்துக்கே வந்து சேர்ந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதிர்ந்த இயற்கைக் காடுகளிலிருந்து டிராக்ஸ் மரம் எடுத்ததை 2022இல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்று காட்டியது. பிரிட்டனின் எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய விசாரணைக்குப் பின் 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் இரண்டரைக் கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. காரணம் என்ன? கனடாவிலிருந்து வந்த மரம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற விவரத்தைச் சரியாகப் பதிவு செய்யவில்லை. வேண்டுமென்றே செய்ததற்கோ மானியத்தைத் தவறாகப் பெற்றதற்கோ ஆதாரம் இல்லை என்றும் அந்த அமைப்பு சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பிழை நேர்ந்த இடத்தைப் பாருங்கள்: எது எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்பதில். மானியத்தைப் பாதியாகக் குறைத்து 2031 வரை நீட்டிக்கும் உடன்பாட்டை 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அறிவித்தது.

7

நமக்கு இது தூரத்துக் கதையா? தகர டின்னின் நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் கெட்டித்து, கட்டையை உருவிவிட்டு, அடி ஓட்டையில் நெருப்பு வைக்கும் மரத்தூள் அடுப்பை நம் டீக்கடைகளும் ஏழை வீடுகளும் நெடுங்காலம் அறிந்திருந்தன. பௌலிங்கின் எந்திரம் செய்த வேலையை இங்கே உலக்கை பிடித்த கை செய்தது. ஆலையிலிருந்து மூட்டைத் தூள் அடுப்புக்கு வந்தது, அவ்வளவுதான். இன்று தூளையும் கடலைத்தோலையும் பிரிக்கெட்டாக அழுத்தி ‘வெள்ளை நிலக்கரி’ என்ற பெயரில் கொதிகலன்களுக்கு விற்கிறார்கள். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு ஐந்து சதவீதமாவது பயிர்க்கழிவு முதலான உயிர்ப்பொருள் பெல்லட் கலந்தெரிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2021இல் கொள்கை வகுத்தது. வட மாநிலங்களில் வயலிலேயே கொளுத்தும் வைக்கோலுக்கு இது ஒரு வழி என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வைக்கோல் என்றைக்குக் கழிவானது? அறுவடை எந்திரம் வந்து, மாடு போன பிறகுதானே? மாடு நிற்கும் தொழுவத்தில் அது இன்னும் தீவனம். இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தையும் எண்ணிப் பாருங்கள். அரசுக் கோப்பில் அது அழிக்க வேண்டிய களை. மூட்டம் போட்டுக் கரி சுடுபவருக்கு அது வருசத்துப் பிழைப்பு. ஒரே முள்மரம்தான், இரண்டு ஏடுகளில் இரண்டு பெயர்.

எந்திரத்தை எதிர்ப்பதோ, அழுத்திய விறகே கூடாது என்பதோ இக்கட்டுரையின் வாதமல்ல. லூயிஸ்டனில் அந்த எந்திரம் நல்லதைத்தான் செய்தது. சுவீடனின் சிறு நகரங்களிலும் அப்படித்தான். மிச்சம் முதலில் இருந்து, எந்திரம் பிறகு வந்தது. டிராக்ஸ் போன்ற இடங்களில் கொதிகலன் முதலில் நின்றது, அதன் பசிக்கு மிச்சத்தைத் தேடிப் போனார்கள், காணாததை உண்டாக்கினார்கள். இந்த முன்பின்தான் அளவுகோல். நாளை நம் ஊரில் ஒரு பெல்லட் ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டு, ‘கழிவைத்தானே எடுக்குறோம்’ என்று மேடையில் சொன்னால், நாம் கேட்க வேண்டியது மூன்று: ஆலை இல்லாவிட்டால் இது எங்கே போயிருக்கும்? இதுவரை இதைப் பொறுக்கியும் மேய்த்தும் சுட்டும் பிழைத்தவர் யார்? கழிவு தீர்ந்துபோகும் அன்றைக்கு ஆலையை மூடுவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.